எஸ்ஏடியா, ஏசிடியா: இரண்டு சனிக்கிழமைகளில் எழுதிப் பார்த்த மதிப்பீடு

நியூ ஜெர்சியில் வசிக்கும் எங்கள் வீட்டில், மகள் பதினோராம் வகுப்புக்குச் சென்ற நாள் முதல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏசிடி என்ற இரு தேர்வுகளில் எதை எழுதுவது என்ற பேச்சு ஓயவில்லை. கணக்கில் கெட்டி என்றால் எஸ்ஏடி, வேகமாகப் படிக்கும் பிள்ளை என்றால் ஏசிடி என்று வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு சூத்திரம் சொன்னார்கள். சூத்திரங்களை ஒதுக்கிவிட்டு, இத்தேர்வுகளை நடத்தும் இரு நிறுவனங்களும் இலவசமாகத் தரும் முழு மாதிரித் தேர்வுகளை, சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் அவளை எழுத வைத்தோம்.

கல்லூரிகள் எதை விரும்புகின்றன என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம்: எதையும் விரும்பவில்லை. எம்ஐடி 2022இலும், டார்ட்மத், ஹார்வர்ட் ஆகியவை 2024இலும் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்று மீண்டும் அறிவித்தன. ஆனால் இரண்டில் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ இரண்டையும் பார்ப்பதே இல்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் மாணவரிடமே இருக்கிறது.

எஸ்ஏடி 1926 முதல் நடைபெற்றுவந்தாலும், அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முழுக்கக் கணினிக்கு மாறிய பிறகு அது ஏறக்குறைய வேறொரு தேர்வாகிவிட்டது. இரண்டு மணி 14 நிமிடங்களில் 98 கேள்விகள்: வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 64 நிமிடங்களுக்கு 54, கணிதத்தில் 70 நிமிடங்களுக்கு 44. கணிதத்தில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. வாசிப்பில் ஒவ்வொரு சிறு பத்திக்கும் ஒரே ஒரு கேள்விதான் என்பதால், ஒரு பத்தி புரியாமல் போனாலும் இழப்பு அதோடு முடிந்துவிடுகிறது. புளூபுக் என்ற செயலிக்குள்ளேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. சமன்பாட்டைத் தட்டிவிட்டு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்தே பல விடைகளைக் கண்டுபிடித்துவிடலாம். இது கணிதத் திறனைச் சோதிக்கிறதா, கருவியைக் கையாளும் பழக்கத்தைச் சோதிக்கிறதா என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. மகளுக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை.

எனக்குப் பிடிக்காதது, ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு கூறுகளாகப் பிரித்து, முதல் கூற்றில் எழுதிய விதத்தைப் பொறுத்து இரண்டாவதைக் கடினமாகவோ எளிதாகவோ தரும் ஏற்பாடு. எளிதான இரண்டாம் கூறு வந்தால் எட்டக்கூடிய மதிப்பெண்ணின் உச்சவரம்பு குறைந்துவிடும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். என் மகள் இரண்டாம் கூற்றின் முதல் மூன்று கேள்விகளை விடையளிப்பதற்காக அல்லாமல், இது கடினமானதுதானா என்று எடை போடுவதற்காகவே வாசித்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டாள். கணினியை நம்பியிருப்பதிலும் சிக்கல் உண்டு: 2025 மார்ச் தேர்வில் செயலிக் கோளாறு காரணமாகச் சிலருடைய விடைகள் நேரம் முடியும் முன்பே தாமாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டன.

1959இல் தொடங்கிய ஏசிடி 2025இல் தன்னைச் சுருக்கிக்கொண்டது. முன்பு 45 நிமிடங்களுக்கு 75 கேள்விகள் என்று மூச்சிரைக்க வைத்த ஆங்கிலப் பகுதி இப்போது 35 நிமிடங்களுக்கு 50; கணிதம் 50 நிமிடங்களுக்கு 45; வாசிப்பு 40 நிமிடங்களுக்கு 36. அறிவியல் விருப்பப் பகுதியாகிவிட்டது. மொத்த மதிப்பெண்ணில் அது இனிச் சேராது என்றாலும், சில கல்லூரிகள் அதைக் கேட்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பார்த்துக்கொள்வது அவசியம். அந்தப் பகுதியை இயற்பியல், வேதியியல் தேர்வு என்று எண்ணி நம்மவர்கள் மகிழ்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வரைபடத்தையும் அட்டவணையையும் விரைவாகப் படிக்கும் பயிற்சிதான்.

ஏசிடி வெளிப்படையான தேர்வு. இடையில் கடினமாவதோ எளிதாவதோ இல்லை. விரும்பினால் தாளிலேயே எழுதலாம். திரையைப் பார்த்துப் படித்தால் கவனம் சிதறும், பென்சிலால் கோடிட்டுப் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்ற இயல்புள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். பக்கத்து வீட்டுப் பையன் அதற்காகவே ஏசிடியைத் தேர்ந்தெடுத்தான், மகிழ்ச்சியாகவும் இருக்கிறான். ஆனால் எஸ்ஏடி தரும் சூத்திரப் பட்டியல் இதில் கிடையாது. வாசிப்புப் பத்திகளும் நீளமானவை. ஒன்றில் தடுமாறினால் அதைச் சார்ந்த ஒன்பது கேள்விகளும் ஆட்டம் காணும். மகள் கடைசிப் பத்திக்கு வந்தபோது ஆறு நிமிடங்களே மிச்சம் இருந்தன. தவறான விடைக்கு இரண்டு தேர்வுகளிலுமே மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், மீந்தவற்றை ஊகத்தில் குறித்துவிட்டு எழுந்தாள்.

இடையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி மையத்திலும் பணம் கட்டினோம். இரண்டு தேர்வுகளையும் கலந்து தயாரித்த ஒரு மணி நேரக் கலவைத் தாள் ஒன்றைக் கொடுத்து, அதன் அடிப்படையில் அவளுக்கு இரண்டு பயிற்சிகளுமே தேவை என்று முடிவு சொன்னார்கள். முதல் மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். களைப்பு வந்த பிறகு யார் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதைக் காட்டாத தாளை வைத்து எதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று கேட்டேன். கட்டணத் தள்ளுபடிதான் பதிலாகக் கிடைத்தது. எஸ்ஏடிக்கான அதிகாரபூர்வப் பயிற்சி கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

எஸ்ஏடியில் அவளுக்கு 1420, ஏசிடியில் 30. இரு நிறுவனங்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைப்படி ஏசிடியின் 30, எஸ்ஏடியின் 1370க்குச் சமம். அந்த அட்டவணை பழைய வடிவங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதால், பத்து இருபது மதிப்பெண் வேறுபாட்டை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஐம்பது வேறுபாட்டோடு, ஏசிடி முடிந்ததும் அவள் முகம் இருந்த நிலையும் சேர்ந்துகொண்டதால் எஸ்ஏடி என்று முடிவு செய்தோம். ஏசிடி நூலைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டாள். மடிக்கணினியின் மின்கலம் தேர்வு முழுவதும் தாங்குமா என்று சோதிக்கும் வேலை மட்டும் என்னிடம் விடப்பட்டிருக்கிறது.