3 அடி ரீஃப் டேங்குக்கு மீன் வாங்கப் போறீங்களா, இத படிச்சுட்டு போங்க

கடை பேர் சொல்லப் போறதில்ல. கொளத்தூர் பக்கம், மெரைன் மீனும் விக்கற கடை, அவ்ளோதான். ஆனா அங்க என்கிட்ட சொன்ன அதே டயலாக்க வேற கடைலயும் கேப்பீங்க, அதனால தான் எழுதறேன்.

நன்னீர் மீன் பத்து வருஷமா வளக்கறேன், ரீஃப் டேங்க், அதாவது கடல் மீனும் கோரலும் (பவளம்) சேத்து வளக்கற தொட்டி, இது தான் முதல். 3 அடி நீளம், 15 இஞ்ச் அகலம், ஒன்றரை அடி உயரம், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 160 லிட்டர், கல்லும் மணலும் போட்டப்புறம் தண்ணி 130 தேறும். ரெண்டு மாசம் வெறும் கல்ல பாத்துட்டே உக்காந்திருந்தேன், வீட்ல சிரிச்சாங்க. மீனுக்கு விஷமான அமோனியா, நைட்ரைட் ரெண்டும் தண்ணில ஜீரோ வந்தப்புறம் கொஞ்சம் ஜோவாவும் மஷ்ரூமும் (மெத்துனு இருக்கற கோரல் வகை) வச்சேன், ரெண்டு கிளீனர் ஷ்ரிம்ப், நாலஞ்சு நத்தை. அதுக்கப்புறம் தான் மீன் வாங்கவே போனேன். அவ்ளோ பொறுமையா இருந்தவன் கடைல ஒரு மணி நேரத்துல கோட்ட விட்டுட்டேன்.

பாப்பாவையும் கூட்டிட்டு போனது தப்பு. அவ ப்ளூ டேங் (நீமோ படத்துல வர்ற டோரி மீன்) இருந்த தொட்டிக்கு முன்னாடி நின்னு "டோரி டோரி"ன்னு குதிக்க ஆரம்பிச்சா, கடைக்காரர் அத பாத்துட்டாரு. நான் டேங்க் அளவ தெளிவா சொன்னேன், அண்ணே இது பெருசா வளருமேன்னும் கேட்டேன். "டேங்க் சைஸுக்கு ஏத்த மாதிரி தான் சார் வளரும், கவலையே படாதீங்க"ன்னாரு. சுத்தப் பொய். அந்த மீன் ஒரு அடி வரைக்கும் வளரும், கடல்ல நாள் பூரா நீந்திட்டே இருக்கற ஜாதி, சின்ன தொட்டில போட்டா வளர்ச்சி நிக்கறதில்ல, மிரண்டு போய் நோய் தான் வருது. இருந்தும் அத வாங்கிட்டேன், அதோட க்ளவுன் (நீமோ மீன்) ஒரு ஜோடி, "ஹார்டி மீன் சார்"னு 3 டோமினோ, ஒரு மாண்டரின். மாண்டரின் என்ன சாப்பிடும்னு கேட்டா "பெல்லட் நல்லா எடுக்கும்"னாரு, குருணைத் தீவனத்த. ஹாமர் கோரல் வேற உள் ரூம்லேர்ந்து எடுத்துக் காட்டுனாரு, அது வேணாம்னுட்டேன், கல்லாட்டம் இருக்கற ஹார்ட் கோரல் எல்லாமே 1972 வனவிலங்கு சட்டத்துல ஷெட்யூல் 1, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. மொத்தம் 12,400 ரூபா, பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டு.

முதல் வாரமே டோமினோ வேலைய காட்டிருச்சு. கறுப்பு உடம்புல மூணு வெள்ளப் புள்ளி, பாக்க பொம்ம மாதிரி இருக்கும், ஆனா பெரிய டோமினோ ஒண்ணு பாதி டேங்க தன்னோட பட்டா நிலம்னு முடிவு பண்ணிருச்சு. க்ளவுன் ரெண்டும் ஹீட்டருக்குப் பின்னாடி மேல் மூலைல ஒட்டிக்கிட்டே கெடந்துச்சு, சாப்பாடு போட்டா கூட எறங்காது, வால் ஓரம் நூல் நூலா பிஞ்சு போச்சு.

மாண்டரின் கத தான் மனச அறுக்குது. நாள் பூரா கல்லு மேல ஊர்ந்து ஊர்ந்து எதையோ பொறுக்கிட்டே இருக்கும், நான் நல்லா சாப்பிடுதுன்னு நெனச்சேன். அது தின்னறது கோப்பிபாட், கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம கல்லுல ஊர்ற பூச்சி, புது டேங்க்ல அது எவ்ளோ இருக்கும்? பெல்லட் மூக்கு மேலயே விழுந்தாலும் திரும்பிக் கூட பாக்கல. மூணாவது வாரம் மேலேர்ந்து பாத்தப்ப தலை பெருசா, அதுக்குப் பின்னாடி உடம்பு கத்தியாட்டம் ஒட்டிப் போயிருந்துச்சு. நாலாவது வாரம் போயிருச்சு.

அதுக்குள்ள ப்ளூ டேங் மீன் மேல உப்புத் தூவுன மாதிரி வெள்ளப் புள்ளி நோய். கடைக்கு போன் பண்ணா ஒரு மருந்து வாங்கிக்க சொன்னாரு, "ரீஃப் சேஃப் தான் சார், கோரலுக்கு ஒண்ணும் ஆகாது, நேரா டேங்க்லயே ஊத்துங்க". நானும் லேபிள் படிக்காம ஊத்தினேன் பாருங்க, என்ன செருப்பால அடிக்கணும். அது காப்பர் மருந்து. ரெண்டு ராத்திரில ஷ்ரிம்ப், நத்தை எல்லாம் காலி, ஜோவா மூடினது மூடினது தான். ப்ளூ டேங் மீனும் பொழைக்கல. காப்பர் போடணும்னா மீன தனித் தொட்டிக்கு மாத்தி தான் போடணும், இத நான் அப்புறம் தான் படிச்சேன். திரும்ப கடைக்குப் போனா "லைவ் ஸ்டாக்குக்கு கேரண்டி கெடையாது சார், உங்க தண்ணி சரியில்ல".

இந்த சைஸ் டேங்குக்கு நாலஞ்சு சின்ன மீன் போதும். ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா பாத்து எடுங்க, ஹாட்செரில பொறந்ததா கெடச்சா அத விடாதீங்க. ஒரு ஃபயர்ஃபிஷ், மேல மூடியோ வலையோ கட்டாயம் வேணும், குதிச்சிரும். ஒரு பாங்காய் கார்டினல். சாதுவான மீன முதல்ல விடுங்க, முரட்டு மீன கடைசில, டோமினோவ எப்பவுமே வேணாம். எது வாங்கினாலும் கடைக்காரர உங்க கண்ணு முன்னாடியே சாப்பாடு போட சொல்லுங்க, போட மாட்டேன்னா பைய மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு வந்துருங்க.

க்ளவுன் ரெண்டும் தனித் தொட்டில தேறிட்டு வருது. டோமினோ மூணையும் 2 லிட்டர் வாட்டர் பாட்டில் கழுத்த அறுத்து தலைகீழா சொருகி உள்ள சாப்பாடு போட்டு தான் புடிச்சேன், நாலு நாள் ஆச்சு. பக்கெட்ல ஃபில்டரோட இருக்கு. கோரல் இல்லாம மீன் மட்டும் வச்சிருக்கற 5 அடி, 6 அடி டேங்க்காரங்க யாராவது சென்னைல இருந்தா வந்து எடுத்துட்டு போங்க, காசு வேணாம்.