மெட்ரிக்கா, மாநகராட்சி நடுநிலைப் பள்ளியா? ஆறாம் வகுப்புக்கு நாங்கள் எடுத்த முடிவு

ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் படித்த மகளை, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் 6-ம் வகுப்பில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. மே மாதம் வந்தால் திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் நாலு பேராவது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவிடுகிறேன். நான் மாநகராட்சிப் பள்ளியின் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கட்டணம், வேன், ஆண்டு விழாவுக்கு வாடகை உடை எல்லாம் மெட்ரிக்கில் உண்டு, மாநகராட்சிப் பள்ளியில் கிடையாது. புத்தகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2010-ல் 1, 6 வகுப்புகளில் சமச்சீர் கல்வி தொடங்கி, அடுத்த வருடம் மற்ற வகுப்புகளுக்கும் வந்ததோடு மெட்ரிக்கின் தனிப் பாடத்திட்டம் போய்விட்டது. ஆங்கில வழிப் பிரிவு எங்கள் மாநகராட்சிப் பள்ளியிலும் இருக்கிறது.

அப்புறம் சலுகைகள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பெண் பிள்ளை கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் சேரும். 6-ம் வகுப்பில் பலர் பள்ளி மாற்றுவதே இதற்காகத்தான். நல்ல விஷயம்தான். ஆனால் ஏழு வருடம் கழித்து வரப்போகிற ஒன்றுக்காக மட்டும் பிள்ளையை ஒரு பள்ளியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, படிப்பு எங்கே நன்றாக இருக்கிறது? மார்க்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எட்டாவது வரை எல்லோரும் பாஸ். மெட்ரிக் பள்ளி வாசல் பேனரில் இருப்பதெல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட். நடுநிலைப் பள்ளியில் வெளியாள் திருத்துகிற மார்க் என்றால் எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வைத்தான் சொல்ல வேண்டும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. எந்த நடுநிலைப் பள்ளிக்குப் போனாலும், போன வருடம் இதில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்று முதலில் கேளுங்கள். எங்கள் பள்ளியில் மூன்று பேர். தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் முடிவை உறுதி செய்தது இது எதுவும் இல்லை, கணக்கு வகுப்புதான். மெட்ரிக்கில் மகள் ஐந்தாவது படித்த வருடத்தில் கணக்குக்கு மூன்று ஆசிரியர்கள். முதலில் வந்தவர் பி.எட். முடித்ததும் வேறு பள்ளிக்குப் போனார். அடுத்தவர் கல்யாணமாகிப் போனார். மூன்றாமவர் அறிவியல்காரர். மூவரும் பின்னத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், அடுத்த பாடத்துக்கு யாரும் நகரவில்லை. நான் பனியன் கம்பெனியில் பில்லிங் பார்ப்பவன். அந்தப் பள்ளியில் தரும் சம்பளத்தைக் கேட்டபோது, எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் அக்காக்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இதைவிட அதிகம் வாங்குவார்களே என்றுதான் நினைத்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

இங்கே 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஒரே கணக்கு டீச்சர். ஒன்பது வருடமாக இதே பள்ளி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு வாசலில் நின்று பாடத்தைக் கவனித்தேன். டீச்சர் மகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "போன வருசமும் இந்த மைனஸைத்தானே முழுங்குன?" என்றார். ஒரு பிள்ளை போன வருடம் எங்கே தவறியது என்பது ஆசிரியருக்கு ஞாபகம் இருக்கிறது. இதை நான் எந்தக் கட்டணத்துக்கும் வாங்கியிருக்க முடியாது.

இதில் ஓட்டையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 8 வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒருவர் இருந்தால் போதும். எங்கள் டீச்சர் கணக்குக்காரர் என்பதால் அறிவியலில் பாடம் முடிகிறது, செய்முறைச் சோதனை நடப்பதில்லை. அதில் மெட்ரிக்தான் மேல். இந்த டீச்சர் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் வாங்கிப் போய்விட்டால் நான் சொன்னதில் பாதி அடிபட்டுவிடும். ஒன்பதாவதுக்கு எப்படியும் பள்ளி மாற்றியாக வேண்டும், அது எப்படிப் போகும் என்று இப்போது சொல்ல முடியாது. காலை உணவும் ஐந்தாவதோடு நின்றுவிடுகிறது. ஒரே வளாகத்தில் சின்னப் பிள்ளைகள் கிச்சடி சாப்பிட, பசியோடு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொண்டு போகிறது.

மெட்ரிக்கில் ஆசிரியர்கள் மாறினார்கள், இங்கே பிள்ளைகள் மாறுகிறார்கள். தேனி, ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் கம்பெனியை ஒட்டியே வீடு பார்க்கும். தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போனால் சிலர் திரும்புவார்கள், சிலர் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ஜூனில் இருந்த 34 பெயரில் பிப்ரவரிக்குள் ஏழெட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடுகிறது, இடையில் அஞ்சாறு புதுப்பெயர் ஏறிவிடுகிறது. இந்தப் பள்ளியின் சராசரி மார்க் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் வறுமையைச் சொல்வார்கள். நான் அந்தச் சிவப்புக் கோட்டைச் சொல்வேன். அப்பா ஒரே கம்பெனியில் நிலைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள், எவ்வளவு ஏழையானாலும், நன்றாகவே படிக்கிறார்கள்.

மகளின் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் பீகார்க்காரப் பெண். வீட்டில் இந்தி, பள்ளியில் எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ், கணக்கில் வகுப்புக்கே முதல். தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு ஊருக்குப் போனவள் டிசம்பர் பாதி ஆகியும் வரவில்லை. மகள் அவளுக்கும் சேர்த்து இன்னொரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். டீச்சரிடம் கேட்டதற்கு, பெயரை இன்னும் அடிக்கவில்லை என்றாராம்.