டிசெபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: எந்தப் படியில் வேலை நடக்கிறது?

ராணுவத்தில் ஓய்வுபெறும்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு இரண்டு விஷயம் எழுதும்: ஊனம் எத்தனை சதவீதம், அது பணியால் வந்ததா, இல்லை பணியால் முற்றியதா. 20 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, இரண்டாவதற்கு 'இல்லை' விழுந்தாலோ டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு 30 சதவீதம் போட்டுவிட்டு, 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' (எல்லை, போர்முனை அல்லாத போஸ்டிங்கில் நோய் வந்தது) என்ற ஒற்றை வரியில் மறுப்பதுதான் அடிக்கடி நடப்பது.

நிராகரிப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுதாதீர்கள். முழுக் காரணம் போர்டு நடவடிக்கைப் படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-இல்தான் இருக்கும். நகல் கையில் இல்லையென்றால் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் ஆர்.டி.ஐ. போடுங்கள். நோய் முதலில் தெரிந்த தேதி, அதற்கு முன்பு இருந்த ஃபீல்டு, உயர்மலைப் போஸ்டிங்குகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதயநோய் என்றால் முந்தைய 14 நாள் பணி விவரம் கட்டாயம் வேண்டும்.

முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு 6 மாதம். இந்தப் படி சுமார்தான். பெரும்பாலும் போர்டு சொன்னதே திரும்பி வரும். ஆனாலும் தாண்டிப் போக முடியாது. 6 மாதம் பதில் வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் ஊருக்குச் சென்னை அமர்வு. அங்கேதான் நியாயம் கிடைக்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பதற்குப் போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது. 2014 ராம் அவதார் தீர்ப்பு, வயது முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் சதவீத உயர்த்தலைத் தந்தது: 30 சதவீதம் 50 ஆகும். கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், அதில் 30 சதவீதமான 18,000-தான் 100 சதவீத ஊனத்துக்கான முழுத் தொகை. 30 சதவீத ஊனத்துக்கு 5,400. 50 ஆனால் 9,000. வித்தியாசம் மாதாமாதம், ஆயுள் முழுக்க.

தாமதித்துப் போனவர்களுக்கு நிலுவை பொதுவாக 3 ஆண்டுக்குத்தான். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்குப் புதிய விதிகள்; பழைய தீர்ப்புகளை அப்படியே ஒட்டாமல் அந்த விதிகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உத்தரவு வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) வந்தபின், பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் சதவீதத்தைப் பாருங்கள். 50-க்குப் பதில் 30 என்றே நின்றால், உத்தரவு நகலை இணைத்து அன்றைக்கே புகார் பதிவு செய்யுங்கள்.