ஓரியன்-எல்டி நீண்டகாலப் பயன்பாடு: பல நகரத் தரவை இணைக்கும்போது எங்கே இடிக்கிறது

நகரத்துக்கு நகரம் சென்சார் வேறு, ஒப்பந்ததாரர் வேறு. இவற்றை ஒரே மொழியில் பேசவைக்க ஐரோப்பாவின் எட்ஸி (தொலைத்தொடர்புத் தர அமைப்பு) வகுத்த தரம் என்ஜிஎஸ்ஐ-எல்டி. இந்தியாவின் நகரத் தரவுப் பரிமாற்றத் தளமான ஐயூடிஎக்ஸின் ஏபிஐகளும் இதைத் தழுவியவையே. ஃபைவேர் என்ற திறந்த மூலத் திட்டத்தின் ஓரியன்-எல்டி இத்தரத்துக்கான புரோக்கர், அதாவது தரவை வாங்கி வைத்து, கேட்பவருக்குத் தரும் மென்பொருள். டாக்கர் கன்டெய்னரில் மோங்கோடிபி தரவுத்தளத்தோடு ஏற்றினால் 1026 போர்ட்டில் ஓடத் தொடங்கிவிடும். நிறுவுவதில் தொல்லையே இல்லை.

தொல்லை கான்டெக்ஸ்ட் கோப்பில். 'பிஎம்25' (காற்றில் உள்ள நுண்துகள் அளவு) என்ற சுருக்கப் பெயரை முழு யூஆர்ஐயாக, அதாவது உலகில் தனித்த இணைய முகவரி போன்ற பெயராக விரிப்பது அதுதான். ஒரு நகரம் ஸ்மார்ட் டேட்டா மாடல்ஸ் என்ற பொதுத் தரவு மாதிரித் தொகுப்பின் கான்டெக்ஸ்டோடு அனுப்புகிறது, இன்னொன்று எதுவும் இணைக்காமல் அனுப்புகிறது என்று வையுங்கள். இரண்டாவது எட்ஸியின் இயல்பு முகவரிக்குப் போய்விடும். புரோக்கருக்கு அவை இரண்டு வேறு பண்புகள். 60-க்கு மேல் உள்ள பிஎம்25 எங்கே என்று கேட்டால் ஒரு நகரம் பதிலில் இருக்காது. பிழைச் செய்தியும் வராது, எல்லாம் சரி என்னும் 200 ஓகே மட்டும் வரும். இதுதான் ஆபத்து. கான்டெக்ஸ்ட் தராமல் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: முதல் நகரத்தின் பண்புப் பெயர் நீண்ட யூஆர்ஐயாகவும் இரண்டாவதன் பெயர் சுருக்கமாகவும் வந்து வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். சாதாரண ஜேசனில் அனுப்பினால் லிங்க் ஹெடரில் கான்டெக்ஸ்ட் தர வேண்டும். ஜேசன்-எல்டி என்றால் பாடிக்குள், அதாவது தரவோடு சேர்த்தே. இரண்டிலும் தந்தால் 400 பிழை. கோப்பின் நகலைச் சொந்த சர்வரில் வைப்பது நல்லது. வெளி சர்வர் படுத்தால் கோரிக்கைகளும் படுத்துவிடலாம்.

அடுத்து அலகு. அலகைக் குறிக்கும் யூனிட்கோடில் 'ஜிக்யூ' என்றால் கனமீட்டருக்கு மைக்ரோகிராம், '61' என்றால் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு). புரோக்கர் இதைச் சேமிக்கும், மாற்றித் தராது. நைட்ரஜன் டை ஆக்சைடில் 1 பிபிபி என்பது 25 டிகிரி செல்சியஸில் கனமீட்டருக்குச் சுமார் 1.88 மைக்ரோகிராம், கலந்துவிட்டால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரியும்.

உள்ளூர் நேரத்தின் கடைசியில் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று குறிக்கும் 'இசட்' போட்டு அனுப்புவதும் சகஜம். காலை 9 மணி நெரிசல் பிற்பகல் 2.30-க்கு நகர்ந்துவிடும். ஆயத்தொலைவில் தீர்க்கரேகைதான் முதலில்: சென்னை 80.27, 13.08. திருப்பிப் போட்டால் புள்ளி வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் விழும்.

பழைய அளவீடுகள் தேவையென்றால் வரலாற்றைப் பதிவுசெய்யும் ட்ரோ விருப்பத்தை இயக்கி டைம்ஸ்கேல் தரவுத்தளத்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மதிப்பு மட்டுமே மிஞ்சும்.

கான்டெக்ஸ்ட் முகவரி, யூனிட்கோட், யூடிசி நேரம் மூன்றையும் டெண்டரிலேயே கட்டாயமாக்குங்கள். ஏற்புச் சோதனையில் அடுத்த நகரத்தின் கான்டெக்ஸ்டோடு ஒரே கேள்வியை ஓட்டி, இரு நகரங்களும் பதிலில் வந்த பிறகே பில்லை பாஸ் செய்யுங்கள்.