முளைகட்டிய ராகி மாவு: பாப்பாவுக்கு இரண்டு வருடம் கூழ் காய்ச்சிய அனுபவம்

2023 மே மாதம், பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்த வாரத்தில் முதல் ஒரு கிலோ ராகியை ஊறவைத்தேன். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாக முளைகட்டிய ராகி மாவை வீட்டிலேயேதான் செய்கிறேன். இதில் எனக்குக் கைகொடுத்தது எது, நான் தப்பாக நம்பியது எது என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதல் குழந்தைக்குச் சமைக்கும்போது இதையெல்லாம் எனக்கு யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது ஓசூரில். அம்மா வீடு பாலக்கோடு பக்கம். களி கிண்டாத வீடு அங்கே குறைவு, அதனால் ராகிக்குக் குறைவில்லை. நல்ல ராகியிலும் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். ஐந்தாறு தண்ணீர் கழுவி, அரிசி களைவதுபோல் அரித்தெடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறியதும் தண்ணீரை ஒட்ட வடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். வெயில் காலத்தில் ஒரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மார்கழியில் ஓசூர் குளிருக்கு இரண்டு நாள்கூட ஆகும். அந்த முதல் குளிர்காலத்தில் அவசரப்பட்டு மூட்டையைப் பாத்திரத்தில் போட்டு மூடிவைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் புளித்த வாடை, விரலில் பிசுபிசுப்பு. ஒரு கிலோவையும் கொட்டிவிட்டேன். வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ கழுவிக் காயவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சாப்பிடப்போவது கைக்குழந்தை.

காயவைத்த பிறகு வறுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். வாசம் வர வேண்டும் என்று முதல் தடவை நன்றாகச் சிவக்க வறுத்துவிட்டேன். அந்த மாவில் காய்ச்சிய கூழ் சாதாரண ராகி மாவுக் கூழ் போலவே பசையாக இறுகியது. அடுத்த தடவை சின்னத் தீயில், ஈரப்பதம் போகும் அளவுக்கு மட்டும் புரட்டி எடுத்தேன். அதே அளவு மாவு, அதே தண்ணீர். ஆனால் கூழ் இளகி, கரண்டியிலிருந்து வழிந்தது. ஏன் என்று தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகுகிறது. அதிகச் சூட்டில் வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். லேசாக வறுத்தால் பிழைத்திருந்து, கூழ் சூடேறும்போது தன் வேலையைச் செய்யும்.

கூழ் இளகுவதில் அப்படி என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். ஆறு மாதக் குழந்தைக்கு வயிறு சின்னது. சாதாரண மாவில் குழந்தை விழுங்குகிற பதத்துக்கு வர வேண்டுமென்றால் தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டும். வயிறு தண்ணீரில் நிரம்பிவிடும், சத்து குறைவு. முளைகட்டிய மாவென்றால் அதே பதத்துக்குள் கூடுதல் மாவு அடங்கும். அரிசிக் கஞ்சியோ கோதுமைக் கஞ்சியோ கெட்டியாகிவிட்டால் இந்த மாவில் ஒரு ஸ்பூன் கலந்து மறுபடி சில நிமிடம் காய்ச்சுவேன், இளகிவிடும். காய்ச்சல் வந்து அவள் கொஞ்சமாகச் சாப்பிட்ட நாட்களில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது இதுதான்.

அரைப்பதற்கு முதலில் மாவு மில்லுக்குக் கொடுத்தேன். நமக்கு முன்னால் மிளகாய் அரைத்த மிஷினா என்று பார்க்காமல் கொடுத்தது என் தவறு. கூழில் காரம் ஏறி, பாப்பா கண் கலங்கித் துப்பினாள். அதற்குப் பிறகு மிக்ஸிதான். இரண்டு தடவை அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்தால் கிலோவுக்கு முக்கால் கிலோ போல மாவு தேறும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வண்டு வராது. ஒரு மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

இத்தனை பொருள் சேர்ந்தது, அத்தனை பொருள் சேர்ந்தது என்று சொல்லி விற்கிற சத்துமாவை ஆரம்பத்தில் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முந்திரி, பாதாம், வேர்க்கடலை, கோதுமை, சோயா எல்லாம் ஒரே ஸ்பூனில் போகும். உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

இனி நான் தப்பாக நம்பியது.

"ராகி குடிச்சா ரத்தம் ஊறும்" என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பி, காலையிலும் மாலையிலும் ராகிக் கூழ், மதியம் பருப்பு சாதம் என்று ஓட்டினேன். பாப்பா கொழுகொழுவென்றுதான் இருந்தாள். பதினோராம் மாதம் சளிக்காகப் போனபோது டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.1. அன்று இரவு நான் தூங்கவில்லை. கடையில் எதையும் வாங்காமல், எல்லாம் என் கையால் செய்து கொடுத்த குழந்தைக்கு ரத்தம் குறைவா என்று அழுகையாக வந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 கிராம் ராகியில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரும்பு 4 மில்லிகிராம் சொச்சம்தான். குழந்தை ஒரு நாளில் சாப்பிடுகிற மாவு 30 கிராம் என்றால் ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலமும் அந்தக் கால்சியமுமே இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. முளைகட்டினால் ஃபைட்டிக் அமிலம் குறையும், ஆனாலும் போதாது. தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடுவதால், அந்த நேரத்தில் சாப்பாடுதான் ஈடுகட்ட வேண்டும்.

டாக்டர் எடைக்குத் தகுந்த அளவில் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தார். அளவை அவர்தான் சொல்ல வேண்டும், நாமாகக் கூட்டக் கூடாது. சாப்பாட்டில் நான் மாற்றியது இவ்வளவுதான்: ராகி ஒரு வேளையாகக் குறைந்தது. தினம் முட்டையோ மீனோ ஒன்று. வாரம் ஒரு முறை கோழி ஈரலை நன்றாக வேகவைத்து, பருப்பு சாதத்தோடு மசித்துக் கொடுத்தேன். சாதத்தில் சாப்பிடும் நேரத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, ஏனென்றால் வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 11.3. மருந்துக்கா சாப்பாட்டுக்கா இந்தப் பெருமை என்று பிரிக்க எனக்குத் தெரியாது, இரண்டும் சேர்ந்துதான் செய்திருக்கும். ராகியை நான் இன்னும் விடவில்லை. அதை மட்டும் நம்புவதைத்தான் விட்டேன்.

இன்னொரு தவறு மிக்ஸி. மாவு அரைக்கச் சரி, சாப்பாட்டை அரைக்க வேண்டாம். பத்து மாதம் வரை எல்லாவற்றையும் கூழாக்கிக் கொடுத்ததால், ஒரு பருக்கை வாயில் தட்டினாலே ஓங்கரிக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு பருப்பு கடைகிற மத்துதான். எங்களுக்குச் சோறு வேகிற குக்கருக்குள்ளேயே சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசி, பாசிப்பருப்பு, ஒரு துண்டு பரங்கிக்காய், சீரகம். வெந்ததும் மத்தால் ரெண்டு தட்டு, அரை ஸ்பூன் நெய். வாரம் ஒரு சுற்று மசிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பழக மூன்று வாரம் ஆனது. எட்டாவது மாதத்திலேயே தொடங்கியிருந்தால் இருவருக்கும் இந்தப் பாடு இருந்திருக்காது.

உப்பு, இனிப்பு விஷயத்தில் வீட்டில் தினம் ஒரு பேச்சு. "ருசியே இல்லாம புள்ளைக்கு எப்படிம்மா தொண்டையில எறங்கும்?" என்பார் அத்தை. "அவளுக்கு ருசின்னா என்னன்னே இன்னும் தெரியாது அத்தை, பழமும் பாலும் போதும்" என்பேன். ஒரு வயது வரை உப்பு போடவில்லை, இரண்டு வயது வரை சர்க்கரை இல்லை. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். கூழில் மசித்த வாழைப்பழம் கலந்தேன். தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூட விடவில்லை. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைத் தளர வைத்துவிடும். வசம்பு உரசி ஊட்டுவதையும் மறுத்தேன். அதற்கு அத்தைக்கு என்மேல் வருத்தம்தான், ஆனால் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாத இரவுகளில் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்ததும் அவர்தான்.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது. எங்கள் தட்டில் இருப்பதையே காரம் குறைத்துச் சாப்பிடுகிறாள். முளைகட்டுவது மாதம் அரை கிலோவாகக் குறைந்துவிட்டது. அந்த மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினால் ஒன்றரை அடை சாப்பிடுவாள். வேர்க்கடலையை இன்னும் முழுசாகக் கொடுப்பதில்லை, பொடித்துத்தான். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குகிறேன். துணி மூட்டையைச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டால், முளை வந்துவிட்டதா என்று நாற்காலி போட்டு ஏறி அவளே தொட்டுப் பார்க்கிறாள்.