இணையதளம் அமைப்பவரின் பார்வையில் பயர்பாக்ஸ்

புதுச்சேரியில் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் எங்களுக்கு, தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பக்கம் குலையாமல் நிற்க வேண்டும் என்பதே முதல் தேவை. அந்த நோக்கில்தான் பயர்பாக்ஸ் உலாவியை மதிப்பிடுகிறேன்.

அறை வாடகை அட்டைகளை வரிசையாக அடுக்கும்போது, "கடலை நோக்கிய குளிரூட்டப்பட்ட அறை" என்ற தலைப்பு இரண்டு வரிக்கு மடங்க, பக்கத்து அட்டையின் "தனி அறை" ஒரே வரியில் முடிய, விலைகள் மேலும் கீழுமாகத் தெரியும். உள் கட்டங்களை வெளிக் கட்டத்தின் கோடுகளோடு பொருத்தி இதைச் சீர்செய்யும் சப்கிரிட் வசதியைப் பயர்பாக்ஸ் 2019 டிசம்பரிலேயே, 71ஆம் பதிப்பில் தந்துவிட்டது. ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2022இலும் கூகுளின் குரோம் 2023இலும்தான் தந்தன. கட்டங்களின் கோடுகளைப் பக்கத்தின் மீதே வரைந்து காட்டும் பயர்பாக்ஸின் டெவலப்பர் கருவியும் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றிலும் அது முந்தியது என்று சொல்லிவிட முடியாது. உள்ளிருக்கும் உறுப்பைப் பொறுத்து வெளி உறுப்பின் தோற்றத்தை மாற்ற உதவும் 'ஹேஸ்' வசதி, மற்ற இரண்டிலும் 2022இலேயே வந்திருக்க, பயர்பாக்ஸில் 2023 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

குரோம், எட்ஜ், ஓபரா ஆகிய மூன்று உலாவிகளும் பிளிங்க் எஞ்சினிலேயே (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள் மென்பொருள்) ஓடுவதால், ஒன்றில் மட்டும் சோதித்துவிட்டு வேலையை ஒப்படைப்பவர்கள் (எங்கள் ஊரிலும்தான்) உண்டு. கெக்கோ என்ற தனி எஞ்சினில் ஓடும் பயர்பாக்ஸில் திறந்தால்தான், தரநிலைப்படி எழுதினோமா, குரோமின் போக்கை நம்பி எழுதினோமா என்பது வெளிப்படும். ஐபோனில் மட்டும் இந்தச் சோதனை பயன்படாது; இந்தியாவில் அதில் ஓடும் பயர்பாக்ஸும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்துகிறது.