டி8 லீட் ஸ்க்ரூவா, 1605 பால் ஸ்க்ரூவா?

வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்படி மரம் வெட்டும் இயந்திரம்) மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றுவது இந்தத் திருகுத் தண்டுதான். இரண்டில் டி8 மலிவு. ஆனால் தண்டு 8 மி.மீ. தான், அரை மீட்டரைத் தாண்டினால் வேகத்தில் வில்லாக வளைந்து அதிரும். அதில் ஓடும் பித்தளை நட் தேயத் தேய, நட்டுக்கும் தண்டுக்கும் இடையே ஆட்டம் கூடும். வட்டம் வெட்டிப் பாருங்கள், அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் சிறு படி தெரியும். ஆட்டத்தை ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் நட் உதவுவதும் வெட்டு விசை ஸ்பிரிங்கை மிஞ்சாத வரைதான்.

பால் ஸ்க்ரூவில் நட்டுக்குள் குண்டுகள் உருளும். 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு (இதுதான் லீட்). சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிக்கும் 8 மைக்ரோஸ்டெப் என்றால், இயந்திரத்தை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் மி.மீ.க்கு 320 ஸ்டெப். தண்டின் இரு முனைகளையும் பிடிக்கும் பிகே12, பிஎஃப்12 தாங்கிகளையும் சேர்த்து வாங்குங்கள். நட்டை அப்படியே கழற்றாதீர்கள், குண்டுகள் கொட்டிவிடும்.

மரம் வெட்ட எக்ஸ், ஒய் என்ற கிடைமட்ட அச்சுகள் இரண்டுக்கும் 1605தான் சரி. மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் அதைப் போட்டால் கரண்ட் போனதும் கனமான ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) தானாக இறங்கலாம். அங்கே 2 மி.மீ. லீட் டி8 போதும்.